எரிவாயு பில்லைப் படிப்போம்

இளமறிவியல் (இயற்பியல்), மூன்றாம் ஆண்டு

முன்னுரை

எரிவாயு என்றதும் நம் நினைவுக்கு வருவது சமையலறை மூலையில் நிற்கும் சிவப்புச் சிலிண்டர்தான். 14.2 கிலோகிராம் எரிவாயு, அதற்கு ஒரு விலை. பணத்தைக் கொடுத்துச் சிலிண்டரை இறக்கிவிட்டால் கணக்கு முடிந்தது. எடையில் ஐயம் இருந்தால் கொண்டுவந்தவரிடமே தராசில் நிறுத்துக் காட்டச் சொல்லலாம். அந்தச் சீட்டில் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை.

குழாய் வழியே வரும் இயற்கை எரிவாயுவின் கதை வேறு. அதைத் தராசில் வைக்க முடியாது. கண்ணால் காணவும் முடியாது. சுவரில் இருக்கும் ஒரு மீட்டர் எண்களைக் காட்டும்; மாதம் கழித்து ஒரு பில் வரும். அந்த எண்ணுக்கும் இந்தத் தொகைக்கும் இடையே என்ன நடந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

எண்ணூரில் கப்பல் வழியே வரும் திரவ இயற்கை எரிவாயுவுக்கான முனையம் 2019-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இராமநாதபுரம் - தூத்துக்குடி எரிவாயுக் குழாய் 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. சென்னை முதலிய இடங்களில் வீடுகளுக்குக் குழாய் இணைப்புகள் தரப்பட்டு வருகின்றன. ஆகவே இந்த பில் நம் வீட்டுக் கதவையும் தட்டும் நாள் தொலைவில் இல்லை. அதைப் படிக்கக் கற்றுக்கொள்வது நமக்குப் பயன்படும்.

இந்தப் பாடத்துக்கு நான் எடுத்துக்கொள்வது இங்கிலாந்து நாட்டு வீட்டு பில். அதற்குக் காரணங்கள் இரண்டு. குழாய் எரிவாயு வழங்கலில் அந்த நாட்டின் அனுபவம் மிகப் பழையது; லண்டன் நகருக்கு எரிவாயு வழங்க ஒரு நிறுவனம் அரச சாசனம் பெற்றது 1812-ஆம் ஆண்டிலேயே. அங்குள்ள பில்லில், மீட்டர் எண் தொகையாக மாறும் ஒவ்வொரு படியும் வழக்கமாக அச்சிடப்பட்டிருக்கும் என்பது முதற் காரணம். இரண்டாவது, அப்படிப்பட்ட ஒரு பில் சென்ற ஆண்டு என் கைக்கே வந்து சேர்ந்தது.

பாடம் வந்த வழி

என் தாய்மாமன் குடும்பம் லண்டனில் வாழ்கிறது. அத்தை மருத்துவமனையில் செவிலியர். மாமா ஓர் உணவகத்தில் வேலை பார்க்கிறார். ஓர் அக்டோபர் இறுதியில் வேறொரு வாடகை வீட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்த வீட்டில் வந்த முதல் எரிவாயு பில்லே அவர்களைத் திடுக்கிட வைத்தது. பழைய வீட்டில் கட்டியதைப் போல இரண்டரை மடங்கு! "குளிர்காலம் அல்லவா, அப்படித்தான் இருக்கும்" என்று கட்டிவிட்டார்கள். அடுத்த பில்லும் அப்படியே. அதன்பின் மாமா அறைகளைச் சூடேற்றும் கொதிகலனை மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் ஓட விட்டார். மற்ற நேரமெல்லாம் வீட்டுக்குள்ளேயே கம்பளிக் கோட்டு. ஏழு வயது மகள் போர்வைக்குள் இருந்தபடி வீட்டுப்பாடம் எழுதினாள். அதன் பிறகும் பில் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை.

ஜனவரி பில்லின் படத்தையும் மீட்டரின் படத்தையும் கைப்பேசியில் எனக்கு அனுப்பி, "மாப்பிள்ளை, நீதான் இயற்பியல் படிக்கிறாயே, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்" என்றார் மாமா. மூன்று ஆண்டு இயற்பியல் படித்த எனக்கு அந்தத் தாளில் ஒன்றும் விளங்கவில்லை. வெட்கத்தோடு எங்கள் துறைப் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் இரண்டு படங்களையும் சிறிது நேரம் பார்த்தார். விடையைச் சொல்லவில்லை. "எண்ணைப் பார்க்காதே, அலகைப் பார்" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆய்வக ஏட்டில் விடைக்குப் பக்கத்தில் அலகை எழுத மறந்து மதிப்பெண் இழந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்தச் சிறு தண்டனையின் பொருள் எனக்கு அன்றுதான் புரிந்தது. இனி அந்த பில்லைப் படிப்படியாகக் காண்போம்.

முதற் படி: மீட்டர் அளவீடு

பில்லில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று முந்தைய அளவீடு, மற்றொன்று இப்போதைய அளவீடு. இரண்டின் வேறுபாடே அந்தக் காலத்தில் மீட்டர் வழியே சென்ற வாயுவின் அளவு. மாமாவின் பில்லில் முந்தையது 04512, இப்போதையது 04602. வேறுபாடு 90.

மீட்டரைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புள்ளிக்கு இடப்புறம் உள்ள இலக்கங்களை மட்டுமே குறித்துக்கொள்ள வேண்டும். புள்ளிக்கு வலப்புறம், பெரும்பாலும் சிவப்பில் இருக்கும் இலக்கங்களை விட்டுவிட வேண்டும். அவற்றையும் சேர்த்து எழுதினால் 4602 என்பது நாற்பத்தாறு இலட்சமாகிவிடும்!

இரண்டாம் படி: எந்த அலகில் 90?

வாயுவின் பருமனை அளக்க அங்கே இருவகை மீட்டர்கள் உள்ளன. புதியவை கன மீட்டரில் அளப்பவை. புள்ளிக்கு முன் ஐந்து இலக்கங்கள் காட்டும். பழையவை கன அடியில் அளப்பவை. நான்கு இலக்கங்கள் காட்டும். அவற்றில் ஒவ்வோர் எண்ணும் நூறு கன அடியைக் குறிக்கும். நூறு கன அடி என்பது 2.83 கன மீட்டர். ஆகையால் பழைய மீட்டராக இருந்தால் வேறுபாட்டை 2.83 ஆல் பெருக்கிக் கன மீட்டராக மாற்றிக்கொள்வார்கள். புதிய மீட்டருக்கு இந்தப் பெருக்கல் தேவையில்லை.

இந்த இடத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். திரும்பவும் இங்கே வருவோம்.

மூன்றாம் படி: 1.02264 என்னும் எண்

அடுத்து பில்லில் 1.02264 என்று ஓர் எண் நிற்கும். கன மீட்டரை இதனால் பெருக்க வேண்டும். 1996-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி வீடுகளுக்கெல்லாம் பொதுவாக வைக்கப்பட்ட திருத்த எண் இது. இது எங்கிருந்து வந்தது?

இதற்கு விடை நம் முதலாண்டுப் பாடநூலிலேயே இருக்கிறது. பாயில் விதிப்படி அழுத்தம் கூடினால் வாயுவின் பருமன் குறையும். சார்லஸ் விதிப்படி வெப்பநிலை குறைந்தாலும் பருமன் குறையும். எனவே "ஒரு கன மீட்டர் வாயு" என்று மட்டும் சொன்னால் அது முழுமையான கூற்று ஆகாது. எந்த அழுத்தத்தில், எந்த வெப்பநிலையில் என்றும் சொல்ல வேண்டும். இதற்கெனத் திட்ட நிலை ஒன்றை வகுத்திருக்கிறார்கள்: வெப்பநிலை 15 பாகை செல்சியஸ், அழுத்தம் 1013.25 மில்லிபார்.

வீட்டு மீட்டருக்கு வாயு வளி அழுத்தத்தைவிட 21 மில்லிபார் கூடுதலான அழுத்தத்தில் வருகிறது. அங்குள்ள நிலப்பரப்பு சராசரியாகக் கடல் மட்டத்துக்கு மேலே இருப்பதால் வளி அழுத்தம் சுமார் 8 மில்லிபார் குறைவு எனக் கொள்கிறார்கள். ஆக மீட்டருக்குள் அழுத்தம் 1013.25 - 8 + 21 = 1026.25 மில்லிபார். வாயுவின் சராசரி வெப்பநிலை 12.2 பாகை எனக் கொள்கிறார்கள், கெல்வினில் 285.35. திட்ட நிலை 288.15 கெல்வின்.

இனி கணக்கு:

1026.25 ÷ 1013.25 = 1.0128
288.15 ÷ 285.35 = 1.0098
இரண்டின் பெருக்கற்பலன் = 1.0227

சட்டத்தில் உள்ள 1.02264-க்கு மிக அருகில் வந்துவிட்டோம். குளிர்ந்தும் அழுந்தியும் இருக்கும் வாயு மீட்டரில் குறைந்த இடத்தையே அடைக்கிறது. திட்ட நிலைக்கு விரிய விட்டால் அது நூற்றுக்கு இரண்டேகால் பங்கு அளவில் கூடும். அந்த விரிவுக்கான ஈடே இந்த எண். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். பாயிலும் சார்லசும் மாதந்தோறும் ஒரு நாட்டின் இல்லங்கள் அனைத்திலும் கட்டணம் கணக்கிட உதவுகிறார்கள்.

நான்காம் படி: கலோரி மதிப்பு

நாம் வாயுவை வாங்குவது வாயுவுக்காகவா? இல்லை. அது எரியும்போது தரும் வெப்பத்துக்காக. ஒரு கன மீட்டர் வாயு எரிந்தால் எவ்வளவு வெப்பம் தரும் என்பதே கலோரி மதிப்பு. அங்கே இது பொதுவாக 37.5 முதல் 43 மெகாஜூல் வரை இருக்கும். வடகடலிலிருந்து வரும் வாயு, நார்வேயிலிருந்து குழாயில் வரும் வாயு, தொலைநாடுகளிலிருந்து கப்பலில் வரும் வாயு ஆகியவை கலப்பதால் மதிப்பு நாளுக்கு நாள், பகுதிக்குப் பகுதி சிறிது மாறும். பில் காலத்துக்குரிய சராசரியை அச்சிட்டிருப்பார்கள். மாமாவின் பில்லில் அது 39.5.

வெப்பத்தின்படி விலை வைக்கும் முறைக்கு நூறாண்டு வரலாறு உண்டு. முற்காலத்தில் கன அடிக் கணக்கில்தான் வாயு விற்றார்கள். 1920-ஆம் ஆண்டுச் சட்டம் 'தெர்ம்' என்னும் வெப்ப அலகைக் கட்டணத்துக்கு அடிப்படையாக்கியது. அதன் பயன் பிற்காலத்தில் தெரிந்தது. அதுவரை நிலக்கரியிலிருந்து வாயு தயாரித்து வந்த நாட்டில், 1965-இல் வடகடலில் இயற்கை எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. 1967 முதல் 1977 வரை வீடு வீடாகச் சென்று அடுப்புகளை மாற்றியமைத்தார்கள். ஒரே பருமனுள்ள இயற்கை வாயு, நிலக்கரி வாயுவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வெப்பம் தரும். பருமனுக்கு விலை வைத்திருந்தால் ஒரே இரவில் கணக்கெல்லாம் குழம்பியிருக்கும். வெப்பத்துக்கு விலை வைத்திருந்ததால் குழப்பம் நேரவில்லை.

ஐந்தாம் படி: 3.6 ஆல் வகுத்தல்

இப்போது நம்மிடம் இருப்பது மெகாஜூல். பில்லிலோ விலை கிலோவாட் மணிக்கு. ஒரு கிலோவாட் என்பது நொடிக்கு ஆயிரம் ஜூல். ஒரு மணிக்கு 3600 நொடி. ஆகவே ஒரு கிலோவாட் மணி 3.6 மெகாஜூல். எனவே 3.6 ஆல் வகுக்கிறார்கள். நம் மின்சார வாரியம் 'யூனிட்' என்று சொல்வதும் இதே கிலோவாட் மணிதான். மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் ஒரே அலகு இருப்பதால் இரண்டில் எது மலிவு என்று இல்லத்தரசி ஒரு பார்வையில் ஒப்பிட்டுவிடலாம்.

ஆறாம் படி: பணக் கணக்கு

கடைசியாகப் பணம். இதில் மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது, யூனிட் விலை. இரண்டாவது, நாள்தோறும் விதிக்கப்படும் நிலைக் கட்டணம். அடுப்பே மூட்டாத நாளுக்கும் இது உண்டு. மீட்டர், குழாய் முதலியவற்றைப் பேணும் செலவுக்கானது இது. மூன்றாவது, இரண்டின் கூட்டுத்தொகை மீது 5 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி.

அரசின் எரிசக்தி ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்ஜெம், 2019 ஜனவரி முதல் விலைக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வரம்பு யூனிட் விலைக்கும் நிலைக் கட்டணத்துக்குமே தவிர மொத்த பில்லுக்கு அன்று. மிகுதியாக எரித்தால் மிகுதியாகக் கட்டத்தான் வேண்டும். இந்த வரம்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுவதால், கணக்கு எளிதாக இருக்க யூனிட்டுக்கு 6 பென்ஸ், நாளுக்கு 30 பென்ஸ் என்று இங்கே வைத்துக்கொள்கிறேன்.

மாமாவின் பில்

இனி எல்லாப் படிகளையும் ஒன்றாகச் சேர்ப்போம். மீட்டர் கன மீட்டரில் அளப்பது என்றால், 30 நாட்களுக்குக் கணக்கு இவ்வாறு வர வேண்டும்:

90 × 1.02264 = 92.04 கன மீட்டர்
92.04 × 39.5 ÷ 3.6 = 1010 யூனிட்
எரிவாயு விலை = 60.59 பவுண்டு
நிலைக் கட்டணம் = 9.00 பவுண்டு
வரி = 3.48 பவுண்டு
மொத்தம் = 73.07 பவுண்டு

ஆனால் பில்லில் அச்சாகியிருந்த யூனிட் 2858! எத்தனை முறை பெருக்கிப் பார்த்தும் எனக்கு 1010-தான் வந்தது. அப்போதுதான் பேராசிரியர் சொன்னது நினைவுக்கு வந்தது. பில்லில் 90-க்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் 'நூறு கன அடி' என்று ஆங்கிலத்தில் இருந்தது. மீட்டர் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐந்து இலக்கங்கள், பக்கத்தில் தெளிவாகக் கன மீட்டர் குறி. எந்த ஊழியரோ எப்போதோ பதிவேட்டில் அந்த மீட்டரைப் பழைய வகை என்று குறித்துவிட்டார். அதனால் கணிப்பொறி ஒவ்வொரு மாதமும் நேர்மையாக 2.83 ஆல் பெருக்கிக்கொண்டே இருந்தது.

90 × 2.83 = 254.7
254.7 × 1.02264 × 39.5 ÷ 3.6 = 2858 யூனிட்

இதே விலை விகிதத்தில் இந்த பில் 189.49 பவுண்டு. மாதத்துக்கு 116 பவுண்டுக்கு மேல் வீண். நிலைக் கட்டணம் மாறாததால்தான் தொகை 2.83 மடங்காகாமல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேலாக நின்றது.

மாமா மீட்டரின் படத்தோடு வழங்கு நிறுவனத்துக்கு எழுதினார். முதலில் "உங்கள் பயன்பாடு அதிகம்" என்றே பதில் வந்தது. யூனிட் கணக்கை நான் எழுதித் தர, அதையும் இணைத்து மீண்டும் எழுதினார். மூன்று வாரத்தில் பதிவேடு திருத்தப்பட்டது. கூடுதலாகக் கட்டிய பணம் அவர் கணக்குக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தக் குளிர்காலம் திரும்பி வரவில்லை. "பணம் வந்துவிட்டது மாப்பிள்ளை. குழந்தையைத்தான் வீணாக நடுங்க வைத்துவிட்டேன்" என்று மாமா சொன்னபோது எனக்கு மறுமொழி தோன்றவில்லை. அவர் எரித்த வாயுவில் பிழையில்லை, ஊதாரித்தனமும் இல்லை. ஓர் அலகு தவறியது, அவ்வளவே.

மதிப்பீடும் மெய்யளவும்

அலகுக்கு அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது, அந்த அளவீடு யாரால் எடுக்கப்பட்டது என்பது. அளவீட்டின் பக்கத்தில் 'ஆக்சுவல்' என்றிருந்தால் மீட்டரைப் பார்த்து எடுத்தது. 'எஸ்டிமேட்டட்' என்றிருந்தால் யாரும் மீட்டரைப் பார்க்கவில்லை. முந்தைய பயன்பாட்டைக் கொண்டு ஊகித்த எண் அது. "அடுத்த முறை மெய்யளவு எடுக்கும்போது சரியாகிவிடுமே, இதில் என்ன இழப்பு?" என்று கேட்கலாம். விலை மாறாத காலத்தில் பெரிய இழப்பில்லைதான். விலை ஏறும் காலத்தில் நிலைமை வேறு. பழைய விலையில் எரித்த வாயு, ஊகத்தின் காரணமாகப் புதிய விலைக் கணக்கில் விழுந்துவிடும்.

2022 ஏப்ரல் 1 அன்று அந்நாட்டில் விலை உச்சவரம்பு ஒரே நாளில் 54 விழுக்காடு உயர்ந்தது. அதற்கு முந்திய நாள், மார்ச் 31 அன்று, மக்கள் தத்தம் மீட்டரைப் படித்து அளவீட்டைப் பதிவு செய்ய ஒரே நேரத்தில் முயன்றதால் பல வழங்கு நிறுவனங்களின் இணையதளங்கள் முடங்கிப்போயின. மீட்டரைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு நாளின் மதிப்பு தெரிந்திருந்தது.

நுகர்வோருக்குச் சாதகமான விதியொன்றும் அங்கே உண்டு. நிறுவனத்தின் தவறால் பில் அனுப்பாமலோ குறைத்தோ விட்டிருந்தால், பன்னிரண்டு மாதங்களுக்கு முற்பட்ட பயன்பாட்டுக்கு இப்போது பணம் கேட்கக் கூடாது. 2018 மே முதல் நடைமுறையில் உள்ள விதி இது. தெரிந்தவர் கேட்டுப் பெறலாம். தெரியாதவர் கட்டிவிட்டுப் போவார்.

நம் ஊர்க் கணக்கு

இந்தப் பாடத்தை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். முதலில் ஓர் ஒப்பீடு. அங்கே நடுத்தரப் பயன்பாடுள்ள ஒரு வீடு ஆண்டுக்கு 11,500 யூனிட் எரிவாயு செலவிடுவதாக ஆஃப்ஜெம் 2023-இல் கணக்கிட்டது. நம் சிலிண்டர் ஒன்றின் வெப்பம் ஏறத்தாழ 195 யூனிட். ஆக அது 59 சிலிண்டருக்குச் சமம்! நமக்கு மலைப்பாக இருக்கும். ஆனால் அவர்களுக்கு எரிவாயு சமையலுக்கு மட்டுமன்று. அறைகளைச் சூடேற்றவும் குளிக்கும் நீரைக் காய்ச்சவும் அதுவே. அங்கே பில்லைக் குறைப்பதென்றால் குளிரைப் பொறுப்பது என்று பொருள்.

நம் நாட்டில் குழாய் எரிவாயுவின் வீட்டு விலை கிலோவாட் மணிக்கு அன்று. ஒரு 'ஸ்டாண்டர்டு கன மீட்டருக்கு' இவ்வளவு ரூபாய் என்பதே வழக்கம். இந்த 'ஸ்டாண்டர்டு' என்னும் சொல்லைச் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது. மேலே கண்ட திட்ட நிலை, அதாவது 15 பாகையும் 1013.25 மில்லிபாரும், அந்தச் சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. நம் வீட்டுக் குழாயிலும் அழுத்தம் 21 மில்லிபார்தான். ஆனால் வெப்பநிலை? சென்னையில் 30 பாகை என்று வைத்துக்கொள்வோம். கடல் மட்டத்தில் கணக்கு இதோ:

1034.25 ÷ 1013.25 = 1.0207
288.15 ÷ 303.15 = 0.9505
பெருக்கற்பலன் = 0.970

லண்டனில் ஒன்றைவிடக் கூடுதலாக இருந்த எண் சென்னையில் ஒன்றைவிடக் குறைந்துவிட்டது! திருத்தம் ஏதுமில்லாத மீட்டர் 100 கன மீட்டர் காட்டினால், அது 97 ஸ்டாண்டர்டு கன மீட்டர்தான். எனவே இணைப்பு பெறுவோர் கேட்க வேண்டிய முதற் கேள்வி: "இந்த மீட்டரில் வெப்பநிலைத் திருத்தம் உள்ளதா? பில்லில் எந்தத் திருத்த எண் பயன்படுத்தப்படுகிறது?" என்பது. நூற்றுக்கு மூன்று என்பது ஒரு வீட்டுக்குச் சிறு தொகையே. ஆயினும் ஆயிரம் வீடுகளுக்குச் சிறிதல்ல.

இரண்டாவது கேள்வி, சிலிண்டரைவிட இது மலிவா என்பது. கிலோவுக்கும் கன மீட்டருக்கும் நேரடி ஒப்பீடு செய்ய இயலாது. இரண்டையும் வெப்பமாக மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று ஏறத்தாழ பதினெட்டரை ஸ்டாண்டர்டு கன மீட்டர் இயற்கை எரிவாயுவுக்குச் சமம். ஆகவே சிலிண்டர் விலையைப் பதினெட்டரையால் வகுத்தால் ஒப்பிட வேண்டிய விலை கிடைத்துவிடும். சிலிண்டர் 925 ரூபாய் என்றால் விடை 50 ரூபாய். வரியும் மற்றக் கட்டணங்களும் சேர்த்துக் கன மீட்டருக்கு 50 ரூபாய்க்குக் கீழே வந்தால் குழாய் இலாபம். மேலே போனால் சிலிண்டர் இலாபம். வரியையும் பார்க்க வேண்டும். வீட்டுச் சிலிண்டருக்கு ஜி.எஸ்.டி. உண்டு. இயற்கை எரிவாயுவோ இன்னும் அந்த வரம்புக்குள் வரவில்லை; அதற்கு மாநிலத்தின் மதிப்புக் கூட்டு வரி.

முடிவுரை

இதுவரை கண்டவற்றைச் சுருக்கிச் சொன்னால், பில் வந்ததும் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். பில்லில் உள்ள அளவீடு மீட்டரில் உள்ளதோடு பொருந்துகிறதா? அது பார்த்து எடுத்ததா, ஊகித்ததா? மீட்டரின் அலகும் பில்லின் அலகும் ஒன்றா? பெருக்கியும் வகுத்தும் நமக்கு வரும் விடையும் அச்சிட்ட விடையும் ஒன்றா? இவற்றுக்குத் தேவைப்படுவது பள்ளிக் கணக்கும் பத்து நிமிடமும்தான். மாதந்தோறும் ஒரே நாளில் மீட்டரைப் படித்து நாட்காட்டியில் குறித்துவைப்பது இன்னும் நல்லது. ஊகத்தை மறுக்க அதைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

மாணவ நண்பர்களே! நம் வீடுகளில் பில்கள் பெரியவர்கள் கைக்குத்தான் வருகின்றன. அவர்களில் பலர் அச்சடித்து வந்ததாலேயே அது சரி என்று நம்பிக் கட்டிவிடுகிறார்கள். பிறகு அடுப்பிலும் விளக்கிலும் சிக்கனம் பிடித்து ஈடுகட்டப் பார்க்கிறார்கள். கல்லூரிக்குப் போகும் பிள்ளை அந்தத் தாளை ஒருமுறை வாங்கிப் பார்க்க வேண்டாமா? என் மாமா குளிரில் கழித்த நாட்களில் அந்த பில் ஒவ்வொரு மாதமும் அவர் மேசைமேல்தான் கிடந்தது. பிழையும் அதில் வெளிப்படையாகவே அச்சிடப்பட்டிருந்தது. படிக்க ஒருவர் இல்லை, அதுதான் குறை.

இப்போது ஆய்வக ஏட்டில் ஒவ்வொரு விடைக்கும் நான் அலகு எழுதுகிறேன். மதிப்பெண்ணுக்காக மட்டும் அல்ல.